ஸ்னோல சாமான் கட்டி இழுத்துட்டுப் போறது எப்படி? ஊர்ல கேட்ட கேள்விங்களும் என் பதிலும்

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். பொழப்பு பின்லாந்துல, ஓவ்லுங்கிற ஊர்ல. போன பொங்கலுக்கு வந்தப்ப என் போன்ல இருந்த ஒரு போட்டோவ பெரியப்பா பாத்துட்டார். இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு பின்னால ஒரு சிவப்பு தட்டு நெறய மூட்டைய இழுத்துட்டுப் போறேன், சுத்தி எல்லாம் வெள்ளை. "ஏன்டா, படிக்க வச்சதுக்கு மாட்டு வேலையா பாக்குற?"ன்னு ஆரம்பிச்சது, மாட்டுப் பொங்கல் வரைக்கும் வீட்டுக்கு வந்தவங்க போனவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சதால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

ஒன்னு முன்கூட்டியே சொல்லிடுறேன். நம்மூர்ல பனின்னா மார்கழி மாசம் விடியக்காலைல வரப்புப் புல்லுல நிக்கிற பனிதான். நான் சொல்றது அது இல்ல, வானத்துலேர்ந்து பஞ்சு மாதிரி கொட்டி தரையெல்லாம் வெள்ளையா மூடுறது. அதனால ஸ்னோன்னே எழுதுறேன், கொழப்பம் வேணாம். போட்டோல இருந்தது வேலையும் இல்ல, சாமானோட அந்த ஸ்னோ மேல நாலஞ்சு நாள் போற பயணம்.

கே: இது என்ன வண்டி, சக்கரமே காணோம்?

வண்டியே இல்ல, தட்டுதான். அஞ்சடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம் இருக்கும், முன்பக்கம் தோணி மாதிரி தூக்கிட்டு இருக்கும், அடிப்பக்கம் வழுவழுன்னு பிளாஸ்டிக் இல்லன்னா ஃபைபர். பின்லாந்துல சின்னத புல்க்கான்னு சொல்லுவாங்க, பெருச அஹ்கியோன்னு சொல்லுவாங்க. அங்க வடக்க இருக்குற சாமி இன மக்கள் கலைமான (ரெயின்டீர்) கட்டி இந்த மாதிரி தோணி வடிவ ஸ்லெட்ஜ, அதாவது சறுக்குத் தட்ட, இழுக்க வச்சிருந்தாங்க, பின்லாந்து ராணுவம் கூடாரம் அடுப்பு எல்லாம் அஹ்கியோல போட்டு ஆளுங்கள வச்சே இழுக்கும். சக்கரம் ஏன் இல்லன்னா சக்கரம் தரைய தொடுறது ஒரு உள்ளங்கை அளவு எடத்துலதான், மொத்த பாரமும் அங்க எறங்கினா ஸ்னோக்குள்ள பொதைஞ்சிடும். தட்டா இருந்தா பாரம் பரவிடும். சின்ன வயசுல பனை மட்டைல ஒருத்தன உக்கார வச்சு இன்னொருத்தன் இழுத்துட்டு ஓடுவோமே, அதே சமாச்சாரம்தான்.

கே: முதுகுல மாட்டிக்கிட்டுப் போனா ஆவாதா?

ரெண்டு நாளுக்குன்னா ஆவும். நாலஞ்சு நாள்னா கூடாரம், ரெண்டு ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, அத எரிக்க எண்ணெய், சாப்பாடு, மாத்துத் துணி எல்லாம் சேத்து ஒரு ஆளுக்கு 25லேர்ந்து 30 கிலோ வந்துடும். அத முதுகுல போட்டுட்டு கால்ல ஸ்கீ (ஸ்னோ மேல வழுக்கிட்டுப் போற நீளமான பட்டை) மாட்டிக்கிட்டு நடந்தா ஒவ்வொரு தடவ வழுக்கும்போதும் மூட்ட உங்கள ஒரு பக்கமா தள்ளும், விழுந்தா ஆம மாதிரி மல்லாந்து கெடக்கணும். முதுகும் நனைஞ்சிடும்.

கணக்கு போட்டு சொல்றேன், ஸ்கூல் பசங்களும் போட்டுப் பாக்கலாம். தட்டோட சேத்து 30 கிலோன்னு வச்சுக்குங்க. நல்லா அமுங்கின தடத்துல உராய்வு ஒரு பத்துல ஒரு பங்கு இருக்கும். அப்ப சமதரைல இழுக்குறதுக்கு 3 கிலோ பலம்தான் வேணும், கடைத்தெருவுலேர்ந்து காய்கறி பை தூக்கிட்டு வர்ற மாதிரி. ஆனா 10 டிகிரி மேடு வந்தா அந்த 30 கிலோவுல 5 கிலோ கீழ இழுக்கும், ஆக 8 கிலோ. 20 டிகிரி மேடுன்னா 13 கிலோ. நேத்து ராத்திரி விழுந்த புது ஸ்னோவா இருந்தா தட்டே ஒரு வாய்க்கால் வெட்டிக்கிட்டுத்தான் போவும், சமதரைலயே ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆயிடும். மணிக்கு 2, 3 கிலோமீட்டர்தான் போவ முடியும். ஒரு நாளைக்கு 12, 15 கிலோமீட்டர் போனா சாயங்காலம் கால மடக்கி உக்கார முடியாது.

கே: ரொம்ப குளிர்னா ஐஸ் மாதிரி கெட்டியா இருக்கும், இன்னும் நல்லா வழுக்கும்ல?

இத கேட்டது சித்தப்பா. நானும் போறதுக்கு முன்னாடி அப்படித்தான் நெனச்சேன். நெலம தலைகீழ்.

சித்தப்பாவுக்கு பரம்ப வச்சே வெளக்கினேன். நடவுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டி பரம்படிக்கிறோம், மேல ஒரு ஆளு நின்னுக்கிட்டாலும் மாடு சுளுவா இழுத்துட்டுப் போவுது. அதே பரம்ப தண்ணி வடிஞ்ச வயல்ல போட்டுப் பாருங்க, மாடு நாக்கு தள்ளிடும். பலகைக்கும் சேத்துக்கும் நடுவுல நிக்கிற தண்ணிதான் வேலைய பாக்குது. ஸ்லெட்ஜும் அப்படித்தான், தேய்க்கிற சூட்டுல அடில இருக்குற ஸ்னோ கண்ணுக்குத் தெரியாத அளவு உருகி மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் வரும், அது மேலதான் வழுக்கிட்டுப் போவுது. மைனஸ் 5, மைனஸ் 10ல இது அருமையா நடக்கும். மைனஸ் 30க்கு கீழ போனா அந்தத் தண்ணி வர்றதே கஷ்டம், ஸ்னோ துகளெல்லாம் சொரசொரன்னு மணல் மாதிரி ஆயிடும். கொள்ளிடம் மணல்ல மூட்டைய இழுத்துப் பாத்தவங்களுக்கு புரியும்.

அதே மாதிரி சூடு ஜாஸ்தியானாலும் வம்பு. சீரோ டிகிரிக்கு வந்துட்டா ஸ்னோ ஈரமாகி அடில ஒட்டிக்கும். ஏரி மேல போவும்போது சில எடத்துல ஸ்னோக்கு அடியில தண்ணி ஊறி நிக்கும், அதுல தட்டு எறங்கி ஏறிச்சுன்னா அடில ஐஸ் பொருக்கு கட்டிக்கும், கவுத்துப் போட்டு சுரண்டித்தான் ஆவணும். சுரண்டாம இழுத்துப் பாத்தேன், அர கிலோமீட்டர் கூட தாண்டல.

கே: கயித்துல கட்டி இழுக்குறதா, கம்பில கட்டி இழுக்குறதா?

முக்கியமான கேள்வி இதுதான், ஆனா யாருமே கேக்கல, நானே போட்டுக்குறேன். ஏன்னா எல்லாரும் இழுக்குறத பத்தியே கேக்குறாங்க, நிறுத்துறத பத்தி ஒருத்தரும் கேக்கறது இல்ல. தேர் ஊர்க்காரங்க நாம, நமக்கு தெரியணும் இது. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி ஒசரம், 300 டன் எடைன்னு பெருமையா சொல்றோம், வடத்த புடிக்க ஆயிரம் பேர் வருவாங்க. ஆனா சக்கரத்துக்கு பக்கத்துல முட்டுக்கட்ட வச்சுக்கிட்டு குனிஞ்சு நிக்கிறாங்களே அந்த நாலு பேர் இல்லன்னா தேர் வீதி திரும்புமா? இப்ப திருச்சி பெல் ஆலைல செஞ்ச ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கு, அப்பவும் கட்டை போடுற ஆளுங்க இருக்காங்க.

என் மொத பயணத்துல ஒருத்தர்கிட்ட தட்டு எரவல் வாங்கிட்டுப் போனேன், வெறும் கயிறு. சமதரைல சொகமா வந்துச்சு. ஒரு சின்ன எறக்கம், நம்மூரு ஆத்துக்கரை எறக்கத்த விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நான் எறங்க ஆரம்பிச்சேன், தட்டு என்ன விட வேகமா எறங்க ஆரம்பிச்சுது. பின்னால சர்ர்ருன்னு சத்தம் கேட்டு திரும்புறதுக்குள்ள கெண்டக்கால்ல வந்து மொத்துச்சு, நான் அது மேலயே உக்காந்துட்டேன், ரெண்டு பேரும் சேந்து கீழ போனோம், கயிறு ஒரு ஸ்கீல சுத்திக்கிச்சு. கீழ போய் பாத்தா தட்டு கவுந்து ஸ்லீப்பிங் பேக் பையோட மூடி தெறந்து உள்ள ஸ்னோ. கெண்டக்கால் ரெண்டு வாரம் நீலமா இருந்துச்சு.

அதனால மேடு பள்ளம் இருக்குற எடத்துக்கு கம்பிதான். ரெண்டு ஃபைபர் கம்பி, ஆளுக்கும் தட்டுக்கும் நடுவுல ஆறு ஏழு அடி இருக்குற மாதிரி. எறக்கத்துல தட்டு முன்னால வர நெனச்சா கம்பி தடுத்து நிறுத்திடும். ரெண்டு கம்பியையும் நடுவுல எக்ஸ் மாதிரி குறுக்க போட்டுக்கிட்டா இன்னும் நல்லது, நீங்க திரும்புறப்ப தட்டு உங்க தடத்துலயே வளைஞ்சு வரும். சரிவு ஓரமா குறுக்க நடக்கும்போது தட்டு பக்கவாட்டுல வழுக்கி கீழ தொங்கும், அதுக்கு பின்பக்கம் அடியில ரெண்டு அலுமினிய ஆங்கிள் துண்டு அடிச்சு விட்டா கத்தி மாதிரி ஸ்னோவ புடிச்சுக்கும்.

கயிறுக்கும் எடம் இருக்கு. உறைஞ்ச ஏரி, சமவெளி, தென்துருவம் மாதிரி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் சமமா கெடக்குற எடத்துல கயிறுதான் எடை கம்மி, கரடு முரடுல தட்டு தனியா ஆடிக்கிட்டு வரும், ஆள ஒலுக்காது. நடுவுல ஒரு எலாஸ்டிக் துண்டு சேத்தா ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்புல வெட்டு விழாது. ரொம்ப செங்குத்தான எறக்கம்னா ஒரு தடிமனான கயித்த தட்டுக்கு அடியில சுத்திக் கட்டி விடுங்க, அது உரசி வேகத்த குறைக்கும், முட்டுக்கட்ட மாதிரி. அதுக்கும் அடங்கலன்னா தட்ட முன்னால விட்டுட்டு நீங்க பின்னால நின்னு கயித்த புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க.

கே: இடுப்புல கட்டுறதா, தோள்லயா?

இடுப்பு எலும்புல உக்கார்ற மாதிரி அகலமான பெல்ட். வயித்துல கட்டினா அர மணில வாந்தி வரும். அம்பது அறுவது கிலோவுக்கு மேல போனா தோள் பட்டையும் சேந்த ஹார்னஸ் வேணும். மாட்டுக்கு நுகத்தடி எங்க உக்காரணும்னு பாத்துப் பாத்து வைக்கிறோம்ல, அதே கவனம் நமக்கும்.

அப்புறம் கால் புடிமானம். ஸ்கீ வழுக்கறதுக்குத்தான் இருக்கு, பின்னால பாரத்த கட்டிட்டா முன்னால போறதுக்கு பதிலா நின்ன எடத்துலயே வழுக்கும். அதுக்கு ஸ்கீக்கு அடியில ஸ்கின்னு ஒன்னு ஒட்டுவாங்க, ஒரு பக்கமா படிஞ்ச ரோமம் இருக்கும், முன்னால தள்ளினா வழுக்கும், பின்னால போவ விடாது. பூனைய தலைலேர்ந்து வாலுக்கு தடவினா ஒரு மாதிரி, எதுத்து தடவினா ஒரு மாதிரி இருக்கும்ல, அது.

கே: மூட்டைய எப்படி அடுக்கணும்?

மாட்டு வண்டில நெல்லு மூட்ட ஏத்தின ஆளுக்கு நான் சொல்லித் தர ஒன்னும் இல்ல. முன்பாரம் பின்பாரம் அவங்களுக்கு தெரியும். கனமானது அடியில, நடுவுக்கு கொஞ்சம் பின்னால. முன்னால கனம் ஏறிட்டா மூக்கு ஸ்னோல குத்தி உழுதுட்டே போவும். ஒசரமா அடுக்கினா சரிவுல கவுந்துடும், என்னுது ஒரே நாள்ல நாலு தடவ கவுந்துச்சு. அடுப்பு எண்ணெய் எப்பவும் கடைசில பின்னால, சாப்பாட்டுக்கு தூரமா. கசிஞ்சா சோத்துல மண்ணெண்ணெய் வாசன வரும், ரேஷன் அரிசியும் மண்ணெண்ணையும் ஒரே பைல வாங்கிட்டு வந்தவங்களுக்கு அந்த வாசன ஞாபகம் இருக்கும். எல்லாத்து மேலயும் தார்பாய் போத்தி இறுக்கிக் கட்டணும். அடிக்கடி எடுக்கிறது (கையுறை, பிளாஸ்க், தின்பண்டம்) மட்டும் மேலாக்க.

தண்ணி பாட்டில தலைகீழா வைக்கணும். தண்ணி மேலேர்ந்துதான் உறையும், நேரா வச்சா மூடிகிட்ட ஐஸ் கட்டி தொறக்க முடியாது, கவுத்து வச்சா ஐஸ் பாட்டில் அடிப்பக்கம் போயிடும்.

கே: ஏன் கஷ்டப்படுற, நாய கட்டி இழுக்க வச்சா என்ன?

வைக்கிறாங்க. நார்வேக்காரர் அமுண்ட்சென் தென்துருவத்துக்கு மொத ஆளா 1911 டிசம்பர் 14 போய் சேந்தது நாய்ங்கள வச்சுத்தான். 52 நாயோட கெளம்பி 11 நாயோட திரும்பினார், மிச்சம் என்ன ஆச்சுன்னு நான் சாப்பிடுற நேரத்துல சொல்ல மாட்டேன். அவர் கூட்டத்துல ஒலாவ் பியாலண்டுன்னு தச்சு வேல தெரிஞ்சவர், குளிர்காலம் பூரா உக்காந்து ஸ்லெட்ஜையெல்லாம் இழைச்சு இழைச்சு எடைய குறைச்சார்.

அவருக்குப் போட்டியா போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டோட கூட்டம் மட்டக்குதிர, மோட்டார், நாய் எல்லாம் வச்சுப் பாத்துட்டு கடைசில ஆளுங்களே இழுத்தாங்க. 34 நாள் கழிச்சு, 1912 ஜனவரி 17 அன்னிக்கு அங்க போய் சேந்தாங்க, திரும்பி வர்ற வழில அஞ்சு பேரும் செத்துட்டாங்க. குளிர் ஏறி ஸ்னோ மணலா மாறினதும் ஒரு காரணம், மேல சொன்னேன்ல அந்த சங்கதி. இதுல எனக்கு மனசுல ஒட்டிக்கிட்டது என்னன்னா, அந்த நெலமலயும் அவங்க ஸ்லெட்ஜுல சுமார் 16 கிலோ பாறைய கடைசி வரைக்கும் எறக்கல. அந்தப் பாறைல குளோசோப்டெரிஸ்ங்கிற பழைய செடியோட எல அச்சு இருந்துச்சு. அதே செடி நம்ம நாட்டு நிலக்கரி பாறைலயும் இருக்கு, ஒரு காலத்துல தென்துருவமும் இந்தியாவும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்கிறதுக்கு அது ஒரு சாட்சி. பாரத்த கொறைக்கணும்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு இத சொன்னா முரணாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

எனக்கு நாய் வேணாம். அதுக்கு தீனி, அதையும் நான்தான் சொமக்கணும், ராத்திரி கத்தும்.

கே: பொம்பளைங்களால இழுக்க முடியுமா?

கேட்டது அத்தை மக, பன்னண்டாவது படிக்குது. ரீனா கௌஷல் தர்மசக்து 2009 டிசம்பர் 29 அன்னிக்கு ஸ்கீலயே தென்துருவம் போய் சேந்தாங்க, அப்படி போன மொத இந்தியப் பொண்ணு, சுமார் 900 கிலோமீட்டர், சாமான தானே இழுத்துக்கிட்டு. பிரீத் சாண்டி, அப்ப பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த பஞ்சாபி வம்சாவளிப் பொண்ணு, 2022 ஜனவரி 3 அன்னிக்கு தனியாளா தென்துருவம் தொட்டாங்க, 40 நாள், 1,127 கிலோமீட்டர், பின்னால 90 கிலோ. நான் 28 கிலோவுக்கு மூக்கால அழுதேன். வேற என்ன சொல்ல.

கே: அந்த குளிருக்கு எத்தன சொட்டர் போடுவ?

இழுக்கும்போது கம்மியா, நிக்கும்போது ஜாஸ்தியா. இத யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. இழுத்தா ஒடம்பு அடுப்பு மாதிரி எரியும், மைனஸ் 15லயும் வேர்க்கும், அந்த வேர்வதான் ஆள கொல்லும். நிக்கும்போது நனைஞ்ச துணி ஒடம்பு சூட்ட உறிஞ்சிடும். அதனால கெளம்பும்போது லேசா நடுங்குற அளவுக்கு போட்டுட்டு கெளம்பணும், பத்து நிமிசத்துல சரியாயிடும். நின்ன ஒடனே பெரிய ஜாக்கெட் மேல போத்திக்கணும், அது தட்டுல மொத ஆளா மேல இருக்கணும். பருத்தி பனியன் ஆவாது, நனைஞ்சா காயாது. கம்பளி இல்லன்னா பாலியஸ்டர். அம்மா ஆசையா எடுத்துக் குடுத்த ஆறு பனியனும் ஓவ்லுல பீரோலயே இருக்கு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

மூக்கு நுனி, காது, விரல் நுனி வெள்ளையா வெளுத்து உணர்ச்சி போச்சுன்னா ஒடனே மூடி சூடு பண்ணணும், ஸ்னோவ வச்சு தேய்க்கிறது கூடவே கூடாது. கூட ஒருத்தர் இருந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கலாம்.

கே: சோத்துக்கு?

தென்துருவம் போறவங்க ஒரு நாளைக்கு 5,000, 6,000 கலோரி திங்கறாங்க. நமக்கு அவ்வளவு வேணாம், ஆனா வீட்ல திங்கறத விட ஒன்றரை மடங்கு வேணும். அரிசி கொண்டு போனேன் மொத தடவ, வேகறதுக்குள்ள எண்ணெய் பாதி தீந்துச்சு. இப்ப அவல்தான், சுடுதண்ணி ஊத்துனா போதும், மேல நெய்யும் வெல்லமும். ரவைய வறுத்து கடுகு தாளிச்சு காயவச்சு எடுத்துட்டுப் போனா உப்புமா ரெடி. பொருள்விளங்கா உருண்டைய அப்பாயி டப்பா நெறய குடுத்து விட்டாங்க, நம்மூர்லயே பல்லு போவும், மைனஸ் 20ல அத ஐஸ் உடைக்கிற கோடாலி வச்சுத்தான் உடைச்சேன். புளிக்காய்ச்சல் பாட்டில் கல்லாயிடுச்சு, நல்லெண்ண உறையும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, ஜாக்கெட்டுக்குள்ள போட்டு ஒரு மணி நேரம் அடைகாத்து எடுத்தேன். ஆனா அந்த குளிர்ல சுடுசோறு மாதிரி பெசஞ்ச அவல்ல புளிக்காய்ச்சல், அது தனி.

அடுப்பு: நம்ம சின்ன கேஸ் சிலிண்டர் மாதிரி வர்ற பியூட்டேன் ஆவாது, அது சீரோ டிகிரிகிட்டயே ஆவியாவறத நிறுத்திடும். திரவ எண்ணெய பம்ப் அடிச்சு எரிக்கிற அடுப்புதான் சரி. நம்ம பழைய பம்ப் ஸ்டவ்வு ஞாபகம் இருக்குல்ல, அதோட பேரன்.

கே: ஏரி மேல நடக்குறியாமே, ஒடைஞ்சா?

கெட்டியான சுத்தமான ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தா ஒரு ஆள் நடக்கலாம். மார்ச்ல வடக்கு பின்லாந்து ஏரில அதுக்கு மேல பல மடங்கு இருக்கும். ஆனா ஆறு வந்து விழுற வாய், ஏரிலேர்ந்து தண்ணி வெளில போற எடம், பாலத்துக்கு அடி, நாணல் ஓரம் இங்கெல்லாம் நம்பக் கூடாது, நீரோட்டம் அடில தின்னுட்டே இருக்கும். மதகுகிட்ட ஆழம் வேற மாதிரி இருக்கும்னு நமக்கு தெரியுமே, அப்படி. ஏரி தாண்டும்போது இடுப்பு பெல்ட்டோட கொக்கிய தளத்தி வச்சுக்கணும், விழுந்தா தட்டோட கட்டுப்பட்டு கெடக்கக் கூடாது. கழுத்துல ரெண்டு ஆணி வச்ச கைப்பிடி தொங்கும், விழுந்தா அத ஐஸ்ல குத்தி குத்தி ஏறி வரணும், பின்லாந்துல நாஸ்கலின்னு சொல்லுவாங்க. இது வரைக்கும் எனக்கு தேவப்படல.

கே: எங்க போன, எங்க தங்கின?

ஹெட்டாலேர்ந்து பல்லாஸ் வரைக்கும் ஒரு தடம் இருக்கு, 55 கிலோமீட்டர், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல, மரமில்லாத மொட்ட மலைங்க. கெளம்பும்போதே ஔனாஸ்யார்வி ஏரிய தாண்டணும், கோடைல படகுல, குளிர்ல ஐஸ் மேல. வழில ஆள் இல்லாத மரவீடுங்க இருக்கு, யாரு வேணாலும் தங்கலாம், காசு கெடயாது, விறகடுப்பு இருக்கும். நம்மூர் சத்திரம் மாதிரின்னு சொன்னா பெரியப்பாவுக்கு ஒடனே புடிச்சுப் போச்சு. எரிச்ச விறகுக்கு பதிலா அடுத்தவனுக்கு பொளந்து வச்சுட்டுப் போவணும், பெருக்கிட்டுப் போவணும். மார்ச் கடைசி, ஏப்ரல்தான் நல்ல நேரம், பகல் பன்னண்டு மணி நேரத்துக்கு மேல. டிசம்பர் நடுவுல போனா சூரியனே வராது.

கே: கரடி, ஓநாய்?

கரடி குளிர்காலத்துல தூங்குது. வெள்ளக்கரடி அந்த நாட்டுலயே இல்ல. நான் பாத்தது கலைமான் மட்டும், நம்ம தெரு மாடு மாதிரி வழிய மறிச்சுக்கிட்டு நிக்கும், ஹார்ன் அடிச்சாலும் நவுராது, அடிக்க ஹார்னும் இல்ல.

கே: வெளிக்கு?

வேகமா.

கே: நம்ம நாட்டுல இது இல்லையா?

இருக்கு. காஷ்மீர்ல குல்மார்க் போனா மரத்துல செஞ்ச ஸ்லெட்ஜுல டூரிஸ்ட உக்கார வச்சு ஆளுங்க இழுத்துட்டுப் போவாங்க. லடாக்ல ஜன்ஸ்கார் ஆறு ஜனவரி பிப்ரவரில உறையும், அது மேல நடக்குறத சாதர்னு சொல்லுவாங்க, அங்க சொமை தூக்குறவங்க சாமான ஸ்லெட்ஜுல கட்டி கயித்துல இழுத்துட்டுப் போவாங்க, ஐஸ் ஒடஞ்ச எடத்துல அதையே முதுகுல தூக்கிக்கிட்டு பாற மேல ஏறுவாங்க. நம்ம ஆளு போறதுன்னா லே ஊரே 3,500 மீட்டர் ஒசரம், கடல் மட்டத்துல பொறந்து வளந்தவங்க நாம, விமானத்துலேர்ந்து எறங்கி ரெண்டு மூணு நாள் சும்மா படுத்துக் கெடக்கணும், தலவலி வந்தா வீராப்பு காட்டக் கூடாது.

கே: இங்கேர்ந்தே பழகிக்க முடியுமா?

முடியும், துருவம் போறவங்களே ஸ்னோ இல்லாத ஊர்ல இப்படித்தான் பழகுறாங்க. ஒரு பழைய கார் டயர், பஞ்சர் கடைல சும்மாவே குடுப்பாங்க. ஓட்ட போட்டு கயிறு கட்டி இடுப்புல மாட்டி இழுக்க வேண்டியதுதான். எடம் ஆத்து மணல். மேட்டூர் அண வழக்கப்படி ஜூன் 12 தெறந்து ஜனவரி 28 மூடுவாங்க, அதுக்கப்புறம் நம்ம ஆறு காஞ்சு கெடக்குற மாசி பங்குனில விடியக்காலைல போங்க. மொத வாரம் அர மணி நேரம், அப்புறம் கூட்டிக்கலாம். மணல்ல டயர் இழுக்குறது மைனஸ் 30 ஸ்னோவுக்கு சரியான ஒத்திகை. நான் வெண்ணாத்துல இழுத்தேன், ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் ரெண்டு நாள் பாத்துட்டு மூணாவது நாள் "தம்பி, வீட்ல எதாச்சும் வேண்டுதலா?"ன்னு கேட்டார்.

கே: தட்ட நாமளே செஞ்சுக்கலாமா?

தாராளமா. பசங்க வெளையாடுற கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லெட் ஒன்னு, ரெண்டு பிவிசி பைப் (வயரிங்குக்கு போடுற அர இஞ்சு போதும்), பைப்புக்குள்ள கயித்த விட்டு ரெண்டு முனையையும் இறுக்கி முடி போட்டா கம்பி ரெடி. பழைய பேக்கோட இடுப்பு பட்டைய வெட்டி கொக்கி மாட்டிக்கலாம். ஓட்ட போடுற எடத்துல உள்பக்கம் ஒரு வாஷர் வச்சு போல்ட் போடுங்க, இல்லன்னா குளிர்ல பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆகி கிழிஞ்சுக்கும். பிவிசியும் கடுங்குளிர்ல ஒடையும், அதனால ரெண்டு நாள் பயணத்துக்கு மட்டும், தூரம் போறதுன்னா ஃபைபர் கம்பி வாங்கிடுங்க.

கே: போட்டோல இருந்த அந்த சிவப்பு தட்டு எங்க?

வீட்லதான். பசங்க கேட்டாங்கன்னு பெட்டில வைக்க முடியாம தனி லக்கேஜா கட்டி எடுத்துட்டு வந்தேன். ரெண்டு நாள் தெருவுல ஒருத்தன ஒருத்தன் இழுத்தானுங்க, தார் ரோட்டுல அடிப்பக்கம் தேஞ்சு போச்சுன்னு நான் புடுங்கி வச்சேன். இந்த வருசம் குறுவ நடவுக்கு அத்தை அத எடுத்துட்டுப் போய் நாத்து முடிய அடுக்கி சேத்துல இழுத்திருக்காங்க. நாத்தங்கால்லேர்ந்து நடவு வயலுக்கு தலைல சொமக்கிறதுக்கு பதிலா ஒரே இழுவைல அம்பது முடி போவுதாம், சேத்துல பொதையவும் இல்லயாம். வரப்பு வந்தா மட்டும் பின்னால ஒரு ஆளு தூக்கி விடணுமாம். போன்ல கேட்டாங்க, கயிறு இன்னும் ரெண்டு முழம் நீளமா போடலாமா, கால்ல வந்து இடிக்குதுன்னு. கம்பி போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.